ஹெப்சிபா கேட்ட மூன்று வாரம்

செய்தி வந்தபோது நான் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அழைத்தவர் மேலப்பாளையம் முகைதீன். எங்கள் உணவுப் பரிசோதனைக் கூடத்தில், வரும் மாதிரிகளை வாங்கிப் பதிவு செய்யும் மேசையில் பல ஆண்டுகள் இருந்தவர். நான் ஓய்வு பெற்ற பிறகு பெருநாளுக்கு ஒரு வாழ்த்து, பொங்கலுக்கு ஒரு வாழ்த்து என்ற அளவில்தான் பேச்சு. அன்று நலம்கூட விசாரிக்கவில்லை.

"சார், ஹெப்சி மேடம் போய்ட்டாவ சார்."

"எங்க போய்ட்டாவ?" என்று கேட்டேன். கேட்டு முடிக்கும்போதே புரிந்துவிட்டது.

"காலைல சமையக்கட்டுல விழுந்துருக்காவ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிட்டுன்னு சொல்லுதாவ. நாளைக்குப் பத்து மணிக்கு அடக்கம்."

எனக்கு முன்னால் நாலு பேர் நின்றார்கள். வரிசையை விட்டு விலகவில்லை. அரிசியை வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

ஹெப்சிபாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. பாளையங்கோட்டையிலேயே பிறந்து, படித்து, அங்கேயே மண்ணுக்குள் போனவர். அடக்கம் முடிந்து இரண்டு வாரம் கழித்து அவருடைய கணவர் சாமுவேல் தாசன் என் வீட்டுக்கு வந்தார். திருச்சபையின் மாத இதழுக்கு ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும் என்றார். "நீங்கதான் சார் அவகூட ரொம்ப நாள் வேலை பார்த்தது. அங்க என்ன நடந்துச்சுன்னு வீட்ல ஒரு வார்த்த சொல்ல மாட்டா. நீங்க எழுதுங்க." நல்ல வார்த்தைகளாகப் பொறுக்கி ஒரு பக்கம் எழுதினேன். நேரம் தவறாதவர், உழைப்பாளி, பக்தியுள்ளவர். எல்லாம் உண்மைதான். படித்துப் பார்த்தேன், கிழித்துப் போட்டேன். இப்போது எழுதுவது ஒரு பக்கத்தில் அடங்காது. இதழில் இடமில்லை என்றால் தாசன் மட்டுமாவது படிக்கட்டும்.

அவரைத் தேவாலயத்திலும் பள்ளிக்கூடத்திலும் மட்டும் அறிந்தவர்களுக்கு அவர் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். கடையில் வாங்கும் பிஸ்கட், சத்துமாவு, நூடுல்ஸ், சூப் பொடி இவற்றுக்குள் மரபணு மாற்றப்பட்ட மக்காச்சோளமோ சோயாவோ கலந்திருக்கிறதா என்று பார்ப்பது அவர் பிரிவு. அரைத்து, வறுத்து, பொடித்து, பாக்கெட்டில் அடைத்த பிறகு கண்ணாலோ நாக்காலோ எதுவும் தெரியாது. பொடியிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்து, அதில் நாம் தேடும் ஒரு துண்டை மட்டும் பி.சி.ஆர். கருவியில் பல கோடி மடங்கு பெருக்க வேண்டும். துண்டு இருந்தால் கணினித் திரையில் ஒரு கோடு மேலே எழும். இல்லாவிட்டால் தரையோடு கிடக்கும். பொடியை நிறுப்பதிலிருந்து கோடு எழுவதுவரை எந்த இடத்திலும் கை பிசகலாம். ஹெப்சிபா பிசகாதவர் என்று சொல்ல மாட்டேன். பிசகினால் மறைக்காதவர்.

ஒரு முறை எதுவும் போடாத வெறும் குழாய்களிலேயே கோடு எழுந்துவிட்டது. எங்கோ மாசு கலந்துவிட்டது என்று பொருள். அவர் மூன்று நாள் வேலையை நிறுத்தினார். வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் கத்தினார்கள், நானும் கத்தினேன். மேசை, குழாய், கையுறை, கதவுப் பிடி என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். கடைசியில் அவருடைய சொந்தக் கையுறைதான் காரணம் என்று தெரிந்தது. அறைக்குள் இருந்த வெள்ளைப் பலகையில் தேதி போட்டு, "என் தவறு. கையுறை மாற்றாமல் அடுத்த மாதிரியைத் தொட்டேன்" என்று எழுதினார். ஒரு மாதம் அதை அழிக்க விடவில்லை. பிரிவின் தலைவி இப்படி எழுதி வைத்தால் யார் மதிப்பார்கள் என்று கேட்டேன். "மதிக்காட்டி போறாவ சார். கையுறைய மாத்துவாவல்லா" என்றார்.

இன்னொரு நாள் ஓர் எண்ணெய் வியாபாரி வந்தார். சுத்திகரித்த சோயா எண்ணெய் டின்னை மேசைமேல் வைத்து, "மரபணு மாற்றம் இல்லை" என்று சான்று வேண்டும் என்றார். ஹெப்சிபா சோதித்தார், கோடு எழவில்லை. ஆனால் சான்றில் அப்படி எழுத மறுத்தார். சுத்திகரிக்கும்போதே மரபணு எல்லாம் போய்விடும், எந்த விதையிலிருந்து வந்த எண்ணெயாக இருந்தாலும் கோடு எழாது என்பது அவர் வாதம். வியாபாரி என்னிடம் வந்து முறையிட்டார். நான் ஹெப்சிபாவைக் கூப்பிட்டு, ஒரு சொல்தானே என்றேன். "கண்டுபிடிக்க முடியலன்னு எழுதலாம் சார். இல்லைன்னு எழுத நம்மளுக்கு என்ன உரிமை இருக்கு?" வியாபாரி டின்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

இனி சுடலைமுத்து அண்ணாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் முக்கூடல்காரர். காய்கறிகளைக் காயவைத்து, மக்காச்சோள மாவும் மிளகும் சேர்த்துச் சூப் பொடி செய்தார். அதுவரை வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றிய பதினான்கு பெண்கள் அவரிடம் வேலை பார்த்தார்கள். கொரோனாவுக்கு முந்தைய ஆண்டு அவருக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய ஆர்டர் வந்தது. மரபணு மாற்றப்பட்ட பொருள் கலக்கவில்லை என்று எங்கள் கூடம் சொன்னால் சரக்கு தூத்துக்குடியில் கப்பல் ஏறும். அவரே துணிப்பையில் பாக்கெட்டுகளை எடுத்துக்கொண்டு நேரில் வந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை; நடந்த பேச்சைப் பிறகு முகைதீன் சொல்லிக் கேட்டேன்.

"சோளம் எங்க மச்சான் காட்டுல வெளஞ்சதும்மா. கயத்தாறு பக்கம். நானே நின்னு அறுத்தது. அதுல ஒண்ணும் இருக்காது, சும்மா எழுதிக் குடுங்க" என்றார் சிரித்துக்கொண்டே.

"சும்மா எழுத முடியாது அண்ணாச்சி. பார்த்துட்டு எழுதுதேன்" என்றார் ஹெப்சிபா. அவரும் சிரித்தார்.

கோடு எழுந்தது.

மூன்று முறை செய்தார். மூன்று முறையும் எழுந்தது. ஆனால் அவருக்கு அதில் திருப்தி இல்லை. என் அறைக்கு வந்து உட்காராமலே விளக்கினார். நாங்கள் முதல் சோதனையில் தேடும் துண்டு, காலிஃபிளவரைத் தாக்கும் ஒரு வைரஸிடமிருந்து எடுக்கப்பட்டது. அந்தத் துண்டைத்தான் மரபணு மாற்றிய பயிர்கள் பலவற்றுக்குள் வைத்திருக்கிறார்கள். அண்ணாச்சியின் பொடியில் காய்ந்த காலிஃபிளவர் இருக்கிறது. பூவுக்கே அந்த நோய் இருந்திருந்தால் அதுவும் இதே கோட்டைத்தான் எழுப்பும். வைரஸா, மாற்றிய சோளமா என்று பிரித்துச் சொல்ல இன்னொரு சோதனை வேண்டும். அதற்கான சோதனை மருந்து வெளியிலிருந்து வரவேண்டும்.

"மூணு வாரம் குடுங்க சார்."

"கப்பல் வெள்ளிக்கிழமை, ஹெப்சி."

"இந்தக் கப்பல் போனா அடுத்தது வரும் சார். பேரு போனா வராது."

அறிக்கையில் 'கண்டறியப்பட்டது' என்ற சொல்லுக்குக் கீழே, "இது முதற்கட்ட முடிவு, உறுதிச் சோதனை நிலுவையில் உள்ளது" என்று ஒரு வரி சேர்த்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். எங்கள் நிர்வாக இயக்குநர் அதைப் பார்த்தார். "இப்படிக் குறிப்பு போட்டா நமக்கே தெரியலன்னு வாங்குறவன் நெனைப்பான். எடுத்துருங்க" என்றார். தரத்துக்குப் பொறுப்பு நான். முடியாது என்று சொல்லும் அதிகாரம் எனக்கு இருந்தது. அதற்காகத்தான் அந்தப் பதவியே. அந்த வாரம் என் மகள் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. மேசையின் ஓரத்தில் அழைப்பிதழ்கள் அடுக்கியிருந்தன. அன்று மாலைக்குள் ஆறு வீட்டுக்காவது அழைக்கப் போயாக வேண்டும். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் என் மனம் எங்கே இருந்தது என்று சொல்கிறேன். அந்த வரியை அடித்துவிட்டுப் புதிதாக அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

சரக்கு துறைமுகத்திலிருந்து திரும்பி வந்தது. ஆர்டர் ரத்தானது. அதோடு நின்றிருந்தால்கூட அண்ணாச்சி எழுந்திருப்பார். யாரோ அந்த அறிக்கையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள். "ஜீன் மாத்துன பொடி, பிள்ளைகளுக்குக் கொடுக்காதீங்க" என்று ஒரு குரல் பதிவும் கூடவே போனது. அம்பாசமுத்திரத்திலிருந்து வள்ளியூர்வரை கடைக்காரர்கள் பாக்கெட்டுகளைத் திருப்பி அனுப்பினார்கள். மச்சான்மீது சந்தேகப்பட்டு அண்ணாச்சி என்னவோ கேட்டுவிட, கயத்தாறு வீட்டோடு பேச்சுவார்த்தை நின்றது. பெண்கள் பீடித் தட்டுக்குத் திரும்பினார்கள்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது ஹெப்சிபா, தனக்குத் தெரிந்த ஆராய்ச்சியாளர் ஒருவரிடம் கேட்டு அந்த மருந்தை வரவழைத்துவிட்டார். எங்களிடம் மீதமிருந்த பொடியில் சோதனை செய்தார். பத்தொன்பதாம் நாள் ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். காலிஃபிளவரில் வைரஸ் இருந்தது. சோளத்தைத் தனியாக வாங்கிப் பார்த்ததில் ஒன்றும் தென்படவில்லை. அண்ணாச்சி சொன்னதுதான் சரி.

அந்தத் தாளைப் படித்ததும் நான் முதலில் கேட்டது இது: "இது வேற யாருக்காவது தெரியுமா?"

"முதல்ல அதயா சார் கேக்கீங்க?" என்றார் ஹெப்சிபா.

திருத்திய அறிக்கை கொடுத்தால் எங்கள் அங்கீகாரத்துக்கே கேள்வி வரும் என்றார் இயக்குநர். "கேட்டு வந்தா பார்த்துக்கலாம். கேக்காதவனுக்கு நாமளா போய் ஏன் குடுக்கணும்?" ஹெப்சிபா இரண்டு முறை எழுத்தில் விண்ணப்பித்தார். இரண்டும் என் மேசை வழியாகத்தான் போயின. இரண்டுக்கும் பதில் இல்லை.

ஒரு சனிக்கிழமை அவர் பாபநாசம் பஸ் ஏறி, வழியில் இறங்கி, வண்டி மாறி முக்கூடலுக்குப் போனார். திங்கட்கிழமை காலை என் அறைக்கு வந்து, "போய்ட்டு வந்துட்டேன் சார்" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

"என்ன சொன்னாரு?"

"தாள வாங்கிப் படிச்சாரு. இத இப்ப எங்க கொண்டு போய்க் காட்ட, யாரு நம்புவான்னு கேட்டாரு. கையெழுத்தே இல்லையேன்னாரு." மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். "மூணாவது வாரத்துல போயிருந்தா கொஞ்சமாவது ஆகியிருக்கும். நான் இங்க மனு எழுதிக்கிட்டு உக்காந்திருந்துட்டேன்."

தன்னைத்தான் நொந்துகொண்டார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன்; சண்டையாவது நடந்திருக்கும்.

அனுமதியில்லாமல் சோதனை செய்தார், முடிவை வெளியே கொண்டுபோனார் என்று அவரை ராஜினாமா செய்யச் சொன்னார்கள். பணிவிடுவிப்புக் கடிதத்தைத் தட்டச்சு செய்தது நான். பதினேழு வருட வேலைக்கு ஆறு வரி. முகைதீன்தான் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவரை போனார். மற்றவர்கள் நாற்காலியை விட்டு எழவில்லை. நான் என் அறைக் கதவைச் சாத்தி வைத்திருந்தேன்.

அதன் பிறகு எந்தப் பரிசோதனைக் கூடமும் அவரை எடுக்கவில்லை. பழைய இடத்தில் விசாரிப்பார்கள். பழைய இடம் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். கொரோனா வந்தபோது பி.சி.ஆர். தெரிந்தவர்களுக்குத் திடீரென்று கிராக்கி வந்தது. ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். கவச உடைக்குள் வியர்த்துக்கொண்டு, ஊரே கதவடைத்திருந்த நாட்களில் சளி மாதிரிகளைச் சோதித்தார். நோய் அடங்கியதும் ஒப்பந்தமும் முடிந்தது. பிறகு ஒரு தனியார் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. அங்கே படித்த பிள்ளைகள் அடக்கத்துக்கு வந்து அழுததைப் பார்த்தேன். அவர்கள் அழுதது ஒரு நல்ல டீச்சருக்காக. அந்தக் கைகள் என்ன வேலைக்குப் பழகியவை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் சமாதானபுரத்தில் ஒரு மருந்துக் கடையில் அவரைப் பார்த்தேன். ரொம்ப இளைத்திருந்தார். இரத்த அழுத்த மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார். மகள் நல்லா இருக்காளா, பேரன் பேத்தி உண்டா என்று அவர்தான் கேட்டார். நான் பதில் சொல்லிவிட்டு, எவ்வளவோ நாளாக மனத்துக்குள் சொல்லிப் பார்த்ததை ஆரம்பித்தேன்.

"ஹெப்சி, அன்னைக்கு நான் அந்த வரிய..."

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

"என்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது சார்? முக்கூடல்லல்லா சொல்லணும்."

மாத்திரைப் பொட்டலத்தைக் கைப்பைக்குள் வைத்து, "வாரேன் சார்" என்று நடந்துவிட்டார். அதுதான் கடைசி.

இரண்டு ஆண்டு எனக்கு அவகாசம் இருந்தது. முக்கூடல் ஒன்றும் தொலைவில் இல்லை. நான் போகவில்லை. அவர் இறந்த பிறகுதான், தாசன் வந்து கேட்டுவிட்டுப் போன மறுநாள், பஸ் ஏறினேன்.

சுடலைமுத்து அண்ணாச்சியின் பட்டறை இப்போது உர மூட்டை அடுக்கும் கிடங்காக இருக்கிறது. அவர் ஒரு உறவினரின் உரக்கடையில் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை, பார்த்ததே இல்லையே. திருநெல்வேலியிலிருந்து வருகிறேன், ஹெப்சிபா என்று ஒரு அம்மா, அவர் இறந்துவிட்டார், சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றேன்.

"லேப்ல இருந்தாவளே, கண்ணாடி போட்ட அம்மாவா?"

"ஆமா."

ஒரு ஆள் வந்து பூச்சி மருந்து கேட்டார். எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தார்.

"நல்ல வெயில்ல வந்தாவ. நான் உள்ள வாங்கன்னுகூட சொல்லல. தண்ணி குடுக்கல. வாசல்லயே நிக்க வச்சுப் பேசி அனுப்பிட்டேன்." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "தப்பு எங்க பேர்லதான், மன்னிச்சிருங்கன்னாவ. எங்க பேர்லன்னா யாரு பேர்ல, மொத அறிக்கைல கையெழுத்து வேற ஆளுல்லா போட்டுருக்கு, அந்த ஆள எங்கன்னு கேட்டேன். அவுக வர முடியாத நெலம, நான் வந்திருக்கேம்லான்னாவ."

இதை ஹெப்சிபா என்னிடம் சொல்லவே இல்லை.

அண்ணாச்சி என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க அவியளுக்கு என்ன வேணும்?"

"கூட வேலை பார்த்தவன்."

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அந்தக் கையெழுத்துப் போட்ட ஆளு இருக்காரா இப்ப?"

"இருக்கார்" என்றேன்.

அவர் தலையை அசைத்தார். காபி சொல்லட்டுமா என்றார். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். அதற்காகவே போனவன், அதைச் சொல்லாமல் திரும்பினேன்.

ஹெப்சிபா என்னிடம் விட்டுப் போனது என்ன என்று யோசித்தால், அந்த ஒரு சொல்தான் தேறுகிறது. "எங்க பேர்ல" என்று சொல்லி என்னையும் உள்ளே இழுத்து மறைத்துக்கொண்டு, அந்த வெயிலில் அந்த வாசலில் நின்றிருக்கிறார். நான் இன்னும் அதற்குள்தான் இருக்கிறேன். அண்ணாச்சி, நீங்கள் இந்த இதழைப் பார்க்க மாட்டீர்கள் என்பதால் ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பச் சொல்லித் தாசனிடம் உங்கள் முகவரியைக் கொடுத்திருக்கிறேன். உங்கள் பட்டறையையோ உங்கள் மச்சானையோ இது திருப்பித் தராது. அந்த அம்மா கேட்ட மூன்று வாரத்தைக் கொடுக்காதவன், அந்த வரியை அடித்தவன், அன்று உங்கள் கடையில் உங்கள் எதிரே உட்கார்ந்திருந்தவன்தான்.